சில வாரங்களே ஆண்ட இளம் மன்னனின் வரலாற்றை எழுதும் முறை: பாபிலோனின் லபாஷி-மர்துக்

கி.மு. 556-ஆம் ஆண்டின் கோடையில் பாபிலோனிய அரியணையில் அமர்ந்து, சில வாரங்களிலேயே அதை இழந்து கொல்லப்பட்டவன் லபாஷி-மர்துக். அவன் எழுப்பிய கோயில் என்றோ, வென்ற போர் என்றோ சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. அவனைப் பற்றிக் கதையாகக் கிடைப்பவை முக்கியமாக இரண்டு: அவனுக்குப் பின் அரியணை ஏறியவன் பொறித்து வைத்த சில வரிகள், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு கிரேக்க மொழியில் எழுதப்பட்ட சில வரிகள். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால், அவனுடைய பகைவர்கள் எழுதிய தீர்ப்பையே நாமும் படியெடுத்தவர்கள் ஆவோம்.

சென்னைக் கல்லூரிகளில் உலக வரலாற்றைப் பாடமாக எடுத்திருக்கும் மாணவர்களுக்கும், கருத்தரங்கக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுவோருக்கும், வாசகர் வட்டங்களில் பண்டைய மேற்காசியா பற்றிப் பேச விரும்புவோருக்கும் இந்த மன்னனைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நெபுகாத்நேச்சாரைப் பற்றி எழுதப் புகுந்தால் நூல்களின் குவியலில் மூழ்கிவிடுவோம். லபாஷி-மர்துக்கைப் பற்றிய முதன்மைச் சான்றுகள் அனைத்தையும் ஒருவரே ஒரு பருவத்திற்குள் படித்து முடித்துவிடலாம். சான்றை எடைபோடும் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்சி அமைவது அரிது. அந்தப் பயிற்சியை எந்த வரிசையில் மேற்கொள்வது என்பதையே இங்கு விளக்குகிறேன்.

பின்னணியை ஒரு பக்கத்தில் அடக்குங்கள்

பின்னணிக்கு அதிக இடம் தர வேண்டாம். இரண்டாம் நெபுகாத்நேச்சார் கி.மு. 605 முதல் 562 வரை ஆண்டான். அவன் மறைந்தபின் மகன் அமெல்-மர்துக் அரியணை ஏறினான். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில், கி.மு. 560-இல், கொல்லப்பட்டான். அடுத்து வந்தவன் நெரிக்லிசார். பெரும் நிலவுடைமையும் கொடுக்கல் வாங்கலும் கொண்ட செல்வந்தன். நெபுகாத்நேச்சாரின் மகளை மணந்தவன். தன் மூன்றாம் ஆட்சியாண்டில் இன்றைய துருக்கியின் தென்பகுதியான சிலிசியா வரை படை நடத்தி, கி.மு. 556-இன் தொடக்கத்தில் நாடு திரும்பினான். திரும்பிய சில வாரங்களில் இறந்தான். அவன் மகனே லபாஷி-மர்துக். அவனுக்குப் பின் வந்த நபோனிதஸ், கி.மு. 539-இல் பாரசீக மன்னன் சைரஸிடம் பாபிலோனை இழக்கும் வரை ஆண்டான்.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஒரே மன்னனின் கையில் இருந்த அரியணை, அவன் இறந்தபின் ஆறு ஆண்டுகளுக்குள் நான்கு முறை கைமாறியது. உங்கள் முன்னுரையில் இந்த ஒரு செய்தி தெளிவாக நின்றுவிட்டால் போதும். லபாஷி-மர்துக்கின் வீழ்ச்சிக்கு அவனுடைய குணம்தான் காரணம் என்று பின்னால் படிக்கும்போது, அரண்மனையே ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது என்பது வாசகரின் நினைவில் இருக்கும்.

பெயர்களைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. இவர்களில் சிலர் தமிழ் விவிலியத்தின் வழியாக நமக்கு முன்பே அறிமுகமானவர்கள். யூதா நாட்டு அரசன் யோயாக்கீனைச் சிறையிலிருந்து விடுவித்த ஏவில் மெரொதாக்கே அமெல்-மர்துக். நபோனிதஸின் மகன் பெல்ஷாத்சாரைத் தானியேல் நூல் படித்தவர்கள் அறிவார்கள். ஒரே கட்டுரையில் இரண்டு வகைப் பெயர் வடிவங்களையும் கலந்து எழுதினால் வாசகர் ஒருவரை இருவராக எண்ணிவிடுவார். ஆகவே ஒரு வடிவத்தைத் தேர்ந்துகொண்டு, மற்றதை முதல் முறை மட்டும் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

கதையிலிருந்து தொடங்காதீர்கள், கடன்முறியிலிருந்து தொடங்குங்கள்

கலைக்களஞ்சியங்கள் பெரும்பாலும் கொலையிலிருந்து தொடங்குகின்றன. இளைஞன், தீய குணத்தான், சதி, கொலை என்று நான்கு சொற்களில் அந்த ஆட்சி முடிந்துவிடுகிறது. நீங்கள் அப்படித் தொடங்கக் கூடாது. எந்தச் சான்று நிகழ்ச்சிக்கு மிக அருகில் எழுதப்பட்டது, எதை எழுதியவருக்கு அரியணைப் போட்டியில் மிகக் குறைவான அக்கறை இருந்தது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுச் சான்றுகளை வரிசைப்படுத்துங்கள். அப்படி வரிசைப்படுத்தினால் முதலிடம் களிமண் பலகைகளில் எழுதப்பட்ட அன்றாட ஆவணங்களுக்கே கிடைக்கும்: கடன்முறிகள், விற்பனைப் பத்திரங்கள், கோயில் களஞ்சியக் கணக்குகள்.

இவற்றுள் ஒரு கடன்முறியை எடுத்துக்கொள்வோம். பலகை பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஈரக் களிமண்ணில் நாணல் முனையால் அழுத்தி எழுதிய ஆப்பெழுத்து வரிகள் முன்புறத்தை நிறைத்து, விளிம்பைத் தாண்டிப் பின்புறத்திற்கும் ஓடும். இத்தனை ஷெக்கல் வெள்ளி, இன்னாருக்கு உரியது, இன்னார் திருப்பித் தர வேண்டியது, இன்ன மாதத்தில் தர வேண்டும் என்பது முதல் பகுதி. அடுத்துச் சாட்சிகளின் பெயர்கள், ஒவ்வொருவருக்கும் தந்தை பெயர், பல நேரங்களில் குடும்பப் பெயரும் சேர்ந்து வரும். அதன்பின் எழுதிய எழுத்தரின் பெயர். இறுதியில் ஊர், மாதம், நாள், ஆட்சியாண்டு, மன்னன் பெயர், ‘பாபிலோனின் அரசன்’ என்ற பட்டம். நம் ஊரில் எழுதப்படும் புரோநோட்டின் அமைப்போடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தப் பகுதி எதற்காக எழுதப்பட்டது என்பது உடனே விளங்கிவிடும்.

உங்களுக்கு வேண்டியது அந்தக் கடைசி வரி. வெள்ளியைக் கடனாகக் கொடுத்தவனுக்கு மன்னனின் குணநலனில் அக்கறை இல்லை. பின்னாளில் வழக்கு வந்தால் ஆவணம் செல்ல வேண்டும் என்பதே அவன் கவலை. ஆகவே எழுத்தர் அன்று அந்த ஊரில் யார் மன்னன் என்று ஏற்கப்பட்டாரோ அவர் பெயரையே எழுதுவார். ஓர் ஊரில் ஒரு நாளில் எழுதப்பட்ட பலகையில் லபாஷி-மர்துக்கின் பெயர் இருந்தால், அந்த நாளில் அந்த ஊர் அவனை மன்னனாக ஏற்றிருந்தது என்பது உறுதி. அவனைப் பற்றிய வேறு எந்தச் சான்றுக்கும் இந்த உறுதி கிடையாது.

இந்தப் பலகைகளைத் தேட இலண்டனுக்கோ பாக்தாத்துக்கோ போக வேண்டியதில்லை. சிடிஎல்ஐ என்ற ஆப்பெழுத்து எண்ணிம நூலகத்தின் இணையதளத்திலும், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலிலும் ஆயிரக்கணக்கான பலகைகளின் விவரங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அரச கல்வெட்டுகளின் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஓராக் என்ற தளத்தில் உள்ளன. கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பொது நூல்களைப் படித்துப் பின்னணியை உறுதிசெய்துகொண்டு, பலகைகளுக்கு இணையத்தை நாடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும் வழி. எழும்பூர் கன்னிமாரா நூலகம் இந்தியாவில் வெளியாகும் நூல்களைச் சட்டப்படி பெறும் நூலகங்களுள் ஒன்று. பழைய இந்தியப் பதிப்புகளுக்கு அங்கே செல்லலாம். மெசொப்பொத்தேமியப் பலகைகளின் பதிப்புகளை அங்கே எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம்.

ஆட்சியாண்டைப் புரிந்துகொள்ளாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்

பாபிலோனியர்களின் ஆண்டு, வேனில் தொடக்கத்தில் வரும் நிசன்னு மாதத்தில் பிறக்கும். அடுத்தது அய்யாரு, அதற்கடுத்தது சிமானு. ஒரு மன்னன் ஆண்டின் நடுவில் அரியணை ஏறினால், அடுத்த நிசன்னு வரும் வரையுள்ள காலம் அவனுடைய ‘அரியணை ஏறிய ஆண்டு’ என்று தனியாகக் குறிக்கப்படும். அடுத்த நிசன்னுவில்தான் முதலாம் ஆட்சியாண்டு தொடங்கும். இந்தக் கணக்கை விட்டுவிட்டுப் பலகைகளைப் படித்தால் எல்லாமே ஓராண்டு பிசகிவிடும்.

தமிழ்க் கல்வெட்டுகளோடு பழகியவர்களுக்கு இது கடினமாக இராது. திருவொற்றியூர்க் கோயிலில் சோழர் கல்வெட்டுகளைப் பார்த்தவர்கள், ‘தேவர்க்கு யாண்டு’ என்று தொடங்கி எண்ணைச் சொல்லும் பகுதியை அறிவார்கள். தொடர் ஆண்டுக்கணக்கு இல்லாமல் மன்னனின் ஆட்சியாண்டைக் கொண்டே காலத்தைக் குறிக்கும் வழக்கம் இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். பயிற்சிக்காக ஒரு நாள் எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் சென்று செப்பேடுகளின் காலக்குறிப்புப் பகுதியை மட்டும் படித்துப் பழகிவிட்டு, பிறகு களிமண் பலகைகளின் மொழிபெயர்ப்புகளுக்கு வாருங்கள். கண்ணுக்கு அந்த வரி தானாகவே அகப்படத் தொடங்கும்.

இப்போது லபாஷி-மர்துக்கின் காலத்தைப் பொருத்திப் பாருங்கள். கி.மு. 556-இன் நிசன்னு, ஏப்ரல் மாதத்தின் நடுப்பகுதியை ஒட்டிப் பிறந்தது. அப்போது நெரிக்லிசார் உயிருடன் இருந்தான். அவனுடைய நான்காம் ஆட்சியாண்டு தொடங்கிவிட்டது. அவன் பெயரிலான கடைசிப் பலகைகள் அந்த மாதத்தின் முதல் நாட்களைச் சேர்ந்தவை. மே மாதத் தொடக்கத்தில் மகனின் பெயர் பலகைகளில் வந்துவிடுகிறது. ஜூன் மூன்றாம் வாரத்திற்குப் பிறகு அது மறைந்துவிடுகிறது. அதாவது, அவன் பெயரிலான பலகைகள் எல்லாமே அரியணை ஏறிய ஆண்டைச் சேர்ந்தவை. அவனுக்கு முதலாம் ஆட்சியாண்டு என்ற ஒன்றே வரவில்லை. நிசன்னுவில் நடக்கும் அகித்து என்ற புத்தாண்டுப் பெருவிழாவில் மன்னனாக நின்று மர்துக் தெய்வத்தின் முன் பணியும் வாய்ப்பும் அவனுக்குக் கிட்டவில்லை. பாபிலோனிய அரசுரிமையில் அந்த விழாவுக்கு இருந்த இடத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்பது விளங்கும்.

ஒரே ஆண்டு மூன்று மன்னர்களின் பெயரால் குறிக்கப்பட்டிருக்கிறது: நெரிக்லிசாரின் நான்காம் ஆண்டு, லபாஷி-மர்துக் அரியணை ஏறிய ஆண்டு, நபோனிதஸ் அரியணை ஏறிய ஆண்டு. இதை ஒரு கட்டமாக வரைந்து கட்டுரையில் சேர்த்தால் பல பக்க விளக்கம் மிச்சமாகும்.

ஊர் வாரியாகப் பிரித்து எழுதுங்கள்

பலர் தவறவிடும் படி இது. எனக்கு மிகவும் பிடித்த படியும் இதுவே. தேதிகளை ஒரே பட்டியலாக எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். ஏனெனில் மே 25 அளவிலேயே நிப்பூரில் ஒரு பலகை நபோனிதஸை மன்னன் என்கிறது. ஆனால் ஜூன் மூன்றாம் வாரம் வரை உருக்கிலும் சிப்பாரிலும் லபாஷி-மர்துக்கே மன்னன். சிப்பாரில் ஜூன் கடைசி வாரத்தில்தான் நபோனிதஸின் பெயர் வருகிறது. ஒரே பட்டியலாகப் பார்ப்பவருக்கு இது எழுத்தரின் பிழையாகத் தோன்றும்.

ஒரு தாளில் நிலப்படம் வரையுங்கள். வடக்கே இன்றைய பாக்தாத்துக்கு அருகில் சிப்பார். அதற்குத் தெற்கே இன்றைய ஹில்லா நகரத்தை ஒட்டிப் பாபிலோன். அதற்குத் தென்கிழக்கே நிப்பூர். இன்னும் தெற்கே உருக். ஒவ்வோர் ஊரின் பக்கத்திலும் அந்த ஊரில் லபாஷி-மர்துக்கின் கடைசித் தேதியையும் நபோனிதஸின் முதல் தேதியையும் எழுதுங்கள். இப்போது படம் பேசத் தொடங்கும். அரியணை ஒரே நாளில் ஓரிடத்தில் கைமாறி முடிந்ததாகத் தெரியவில்லை. சில வாரங்களுக்கு நாட்டின் ஒரு பகுதி ஒருவனையும் மற்றொரு பகுதி இன்னொருவனையும் மன்னன் என்றது. அந்த வாரங்களில் ஒருவன் உயிரோடு இருந்து போராடினானா, செய்தி ஊர்களுக்குப் போய்ச் சேரத்தான் காலம் பிடித்ததா என்பதைப் பலகைகள் சொல்வதில்லை. ஆகவே ‘ஜூன் மாதம் இந்த நாளில் கொல்லப்பட்டான்’ என்று எழுதாதீர்கள். ‘ஜூன் இறுதிக்குள் அவனை மன்னனாக ஏற்பது எல்லா இடங்களிலும் நின்றுவிட்டது’ என்று எழுதுங்கள். பலகைகள் அதுவரைதான் நம்மை அழைத்துச் செல்கின்றன.

வென்றவனின் மெய்க்கீர்த்தியைப் படிக்கும் முறை

இதன் பிறகே நபோனிதஸின் கல்வெட்டுக்கு வர வேண்டும். பாபிலோனில் கிடைத்து இன்று இஸ்தான்புல்லில் உள்ள கல்தூண் ஒன்றில், தான் அரசனான கதையை அவனே சொல்கிறான். லபாஷி-மர்துக் இளையவன், நன்னடத்தை கற்காதவன், தெய்வங்களின் விருப்பத்திற்கு மாறாக அரியணையில் அமர்ந்தவன் என்பது அதில் உள்ள குற்றச்சாட்டு. அடுத்து, தன்னை எல்லோரும் அரண்மனைக்கு அழைத்து வந்து காலில் விழுந்து மன்னனாக ஏற்றார்கள் என்கிறான். அரசாளும் எண்ணமே தன் மனத்தில் இருந்ததில்லை என்று மற்றொரு கல்வெட்டில் கூறுகிறான். நெபுகாத்நேச்சாரும் நெரிக்லிசாரும் தொடங்கிய பணியை நிறைவேற்ற வந்தவன் நானே என்றும் சொல்லிக்கொள்கிறான்.

சோழர் மெய்க்கீர்த்திகளைப் படித்தவர்கள் இங்கே என்ன செய்வார்களோ அதையே நீங்களும் செய்யுங்கள்: கூற்றுகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் சொல்பவனுக்கு எந்த வகையில் தேவைப்பட்டது என்று பக்கத்தில் எழுதுங்கள். நபோனிதஸ் அரச குலத்தில் பிறந்தவன் அல்லன். ஆகவே தெய்வத்தின் விருப்பம் அவனுக்குத் தேவைப்பட்டது. நெரிக்லிசாரின் மகனை அகற்றிவிட்டு நெரிக்லிசாரின் வாரிசாகத் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே தந்தையைப் புகழ்ந்தும் மகனை இகழ்ந்தும் எழுதினான். மகன் தகுதியற்றவன் என்று நிறுவினால்தான் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். இதைக் கண்டுகொண்டபின், ‘நன்னடத்தை கற்காதவன்’ என்ற சொல்லை லபாஷி-மர்துக்கின் குணச்சான்றாக எடுத்துக்கொள்ள மனம் வராது. அதே நேரத்தில் அது பொய் என்றும் நீங்கள் முடிவு கட்ட முடியாது. கூற்று யாருடையது என்பதை ஒவ்வொரு முறையும் சேர்த்தே எழுதுங்கள், அதுவே நேர்மை.

கி.பி. 1070-இல் அரியணை ஏறிய சில மாதங்களிலேயே மறைந்த அதிராசேந்திர சோழனையும், அவனுக்குப் பின் வந்த முதலாம் குலோத்துங்கனையும் பற்றி நம் வரலாற்றறிஞர்கள் நடத்திய விவாதங்களை இந்த இடத்தில் ஒருமுறை படித்துவருவது நல்லது. அரியணை ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்கு மாறும்போது நேர்ந்த மரணத்தை, சாளுக்கிய அரசவையில் இருந்த பிலகணன் போன்ற அயல்நாட்டுக் கவி ஒரு விதமாகவும் சோழ நாட்டுச் சான்றுகள் வேறு விதமாகவும் காட்டுவதை அறிஞர்கள் எப்படி எடைபோட்டார்கள் என்பதைப் பார்த்தால் முறை பிடிபடும். ஒப்பீட்டை அதற்கு மேல் நீட்ட வேண்டாம். இரண்டு நாடுகளின் அரசியலும் வேறு.

யார் அவன் பெயரைச் சொல்லவில்லை?

சான்றுகளின் பேச்சைப் போலவே மௌனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நபோனிதஸின் தாய் ஆதாத்-குப்பி நூறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். அவர் பெயரில் அமைந்த கல்வெட்டு ஒன்று துருக்கியின் ஹர்ரான் நகரில் கிடைத்திருக்கிறது. தாம் வாழ்ந்த காலத்து மன்னர்களை ஒவ்வொருவராக, ஆண்ட ஆண்டுகளோடு, அதில் அடுக்குகிறார்: அசீரிய மன்னர்கள் அசூர்பனிபால், அசூர்-எதில்-இலானி, அடுத்துப் பாபிலோனில் 21 ஆண்டுகள் நபோபொலாசர், 43 ஆண்டுகள் நெபுகாத்நேச்சார், 2 ஆண்டுகள் அமெல்-மர்துக், 4 ஆண்டுகள் நெரிக்லிசார். அங்கிருந்து நேராகத் தம் மகனுக்கு வந்துவிடுகிறார். லபாஷி-மர்துக் என்று ஒருவன் இருந்ததாகவே அந்தக் கல்லில் குறிப்பில்லை. அவன் ஆண்ட வாரங்களில் அந்த அம்மையார் உயிரோடுதான் இருந்தார். நபோனிதஸின் ஒன்பதாம் ஆட்சியாண்டில்தான் இறந்தார்.

பண்டைய வானியலறிஞர் தாலமியின் மன்னர் பட்டியலிலும் லபாஷி-மர்துக் இல்லை. ஆனால் இந்த மௌனத்தையும் அந்த மௌனத்தையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். தாலமியின் பட்டியல் வானியல் கணக்கிற்காக முழு ஆண்டுகளை மட்டும் எண்ணுவது. ஓராண்டு நிறையாத மன்னர்களுக்கு அதில் பொதுவாகவே இடமில்லை. ஆதாத்-குப்பியின் கல்வெட்டும் முழு ஆண்டுகளாகவே எண்ணுகிறது என்பதால் அதற்கும் இந்த விளக்கம் ஓரளவு பொருந்தும். எனினும் மகனால் அகற்றப்பட்டவனின் பெயரைத் தாயின் கல்வெட்டு விட்டுவிட்டதில் கணக்கு மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கட்டுரையில் இரண்டு சாத்தியங்களையும் வைத்துவிட்டு, உங்கள் சாய்வு எது என்பதைச் சொல்லுங்கள்.

ஒன்பது மாதம் என்பவரை எப்படி எதிர்கொள்வது

பெரோசஸ் பாபிலோனில் மர்துக் கோயிலைச் சேர்ந்த குருக்கள், கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் நாட்டு வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதினார். அந்த நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எடுத்தாண்ட பகுதிகளிலிருந்தே இந்தச் செய்தி நமக்கு வருகிறது. நெரிக்லிசாரின் மகன் சிறுவன், ஒன்பது மாதம் ஆண்டான், தீய குணங்களைக் காட்டியதால் அவனைச் சூழ்ந்திருந்தவர்களே சதி செய்து அடித்துக் கொன்றார்கள், பின்பு சதியாளர்கள் கூடித் தங்களுள் ஒருவனான நபோனிதஸிடம் ஆட்சியைக் கொடுத்தார்கள் என்கிறது அந்தப் பகுதி.

ஒன்பது மாதம் என்பதற்குப் பலகைகளில் இடமே இல்லை. உருக்கில் கிடைத்த மன்னர் பட்டியல், நெரிக்லிசாருக்கு 3 ஆண்டு 8 மாதமும் லபாஷி-மர்துக்குக்கு 3 மாதமும் தருகிறது. அது பலகைகளோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. கிரேக்கத்தில் எழுத்துகளையே எண்களாகப் பயன்படுத்தியதால், இரண்டைக் குறிக்கும் எழுத்தைப் படியெடுத்தவர் ஒன்பதைக் குறிக்கும் எழுத்தாக மாற்றியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் எண் பிழையானது என்பதற்காகப் பெரோசஸை முழுவதும் ஒதுக்கிவிட வேண்டாம். நபோனிதஸ் தன் கல்வெட்டில் மறைத்த சதியையும் கொலையையும் வெளிப்படையாகச் சொல்பவர் அவர்தான். குணத்தைப் பற்றிய பழிச்சொல் மட்டும் நபோனிதஸின் காலத்துப் பேச்சிலிருந்தே அவருக்கு வந்து சேர்ந்திருக்கலாம்.

‘சிறுவன்’ என்ற சொல்லையும் இதே கண்ணோடு பாருங்கள். நபோனிதஸ் இளையவன் என்கிறான். பெரோசஸ் சிறுவன் என்கிறார். ஆனால் அரியணை ஏறுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வணிகப் பலகைகளில், லபாஷி-மர்துக் தன் கொடுக்கல் வாங்கலைத் தானே நடத்துபவனாகத் தென்படுகிறான். குழந்தையின் பெயரில் அப்படி எழுதுவது வழக்கமில்லை. ஆகவே ‘இளம் மன்னன்’ என்று எழுதுங்கள். ‘குழந்தை மன்னன்’ என்று எழுதாதீர்கள். வயதை எண்ணால் சொல்லும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

சதியில் யார் யார் இருந்தார்கள் என்ற கேள்வி கட்டாயம் எழும். நபோனிதஸ் அப்போதே முதியவன். அவன் மகன் பெல்ஷாத்சாரே சதியை முன்நின்று நடத்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நெரிக்லிசார் குடும்பத்தின் பெருஞ்சொத்து பின்னர் பெல்ஷாத்சாரின் கைக்கு வந்தது அவர்கள் காட்டும் காரணங்களுள் ஒன்று. இதை எழுதும்போது ‘கருதப்படுகிறது’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஒரு கொலைக்குப் பின் யாருக்கு ஆதாயம் என்பது நல்ல கேள்வி, அதுவே விடையாகிவிடாது.

எழுதி முடிக்கும்போது

இத்தனையும் படித்தபின் ஆட்சியைப் பற்றிய மையப் பத்தி சிறியதாகத்தான் இருக்கும். அதை ஊதிப் பெருக்க வேண்டாம். அது இவ்வாறு அமையலாம்:

“கி.மு. 556 ஏப்ரலில் நெரிக்லிசார் இறந்தபின் அவன் மகன் லபாஷி-மர்துக் மன்னனானான். மே தொடக்கத்திலிருந்து ஜூன் மூன்றாம் வாரம் வரை அவன் பெயரில் எழுதப்பட்ட ஆவணங்கள் கிடைக்கின்றன. மே இறுதியிலேயே நிப்பூர் நபோனிதஸை ஏற்றிருந்தது. லபாஷி-மர்துக் அரசாளத் தகாதவன் என்று நபோனிதஸ் தன் கல்வெட்டில் கூறுகிறான். லபாஷி-மர்துக் அரண்மனையாரால் அடித்துக் கொல்லப்பட்டதாகப் பெரோசஸ் எழுதுகிறார். அவன் தன் சொற்களில் விட்டுச்சென்றது எதுவும் நம்மிடம் இல்லை.”

இந்தப் பத்தியில் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் ஒரு சான்று பின்னால் நிற்கிறது. எது யாருடைய கூற்று என்பதும் வெளிப்படையாக இருக்கிறது. கட்டுரையை ஒப்படைப்பதற்கு முன் உங்கள் பத்தியையும் இதேபோல் வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, ஓரத்தில் பலகை, பட்டியல், தூண், பெரோசஸ் என்று ஏதேனும் ஒன்றைப் பென்சிலால் குறித்துப் பாருங்கள். எதையும் குறிக்க முடியாத வாக்கியம் ஒன்று எஞ்சினால், அதை அடித்துவிடுங்கள். ஊர் வாரியான நிலப்படத்தையும், மூன்று மன்னர்களின் பெயர் தாங்கிய ஆண்டுக் கட்டத்தையும் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள்.